ஒன்றரை மைல் பள்ளத்துக்கு ஒரு பெயர்

அமெரிக்கா
8 ஜூன் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி மருதாசலம் எழுதுவது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் மச்சானும் பெரியவரும் எப்படி இருக்கிறீர்கள்? நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. உன் பையன் போய் இன்றோடு எண்பது நாள். தந்தி என் கைக்கு வந்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதினேன். நான் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. வந்து உன் முகத்தைப் பார்க்கப் பயந்துவிட்டேன்.

இனிமேலாவது கிணற்றைச் சுற்றி இடுப்பளவுக்கு ஒரு சுவர் எழுப்பச் சொல். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிணற்று விளிம்பு எது, கடலைக்காடு எது என்று எப்படித் தெரியும்? மச்சானிடம் நான் சொன்னதாகவே சொல்.

ஒரு விஷயம் கேட்கவேண்டும். எங்கள் ஆபீஸில் இப்போது நிலாவுக்கு மேப் வரைகிறோம். சிரிக்காதே. இரண்டு வருடமாக இதுதான் வேலை. நிலாவில் எங்கே பார்த்தாலும் பள்ளம். பெரிய பள்ளங்களுக்கெல்லாம் படித்த மேதைகளின் பெயரை வைத்துவிட்டார்கள். சின்னப் பள்ளங்களுக்குச் சாதாரண ஜனங்களின் பெயர் போதும் என்று முடிவு. குறிப்பிட்ட ஆளுக்காக என்று வைக்கக் கூடாது, ஊர் உலகத்தில் வழங்குகிற பெயராக இருந்தால் சரி. எந்த தேசத்துப் பெயரும் வரலாம். ஆளுக்கு ஒரு பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்து, பிடித்தால் வைப்பார்கள்.

நான் மாதையன் என்று எழுதிக் கொடுக்கலாமா? நம் பையனுக்காக என்று வெளியே சொல்ல முடியாது. உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதாதா? நீ சரி என்று எழுதினால்தான் செய்வேன்.

பெரியவருக்கும் மச்சானுக்கும் என் வணக்கம்.

அன்புத் தம்பி,
மருதாசலம்


மேச்சேரி
29 ஜூன் 1975

தம்பி மருதாசலத்துக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. உன் கடிதம் வந்து சேர்ந்தது. உன் மச்சான் சுகம். மாமாவுக்கு முழங்காலில் நீர் கோத்திருக்கிறது, நல்லெண்ணெய் காய்ச்சிப் போடுகிறேன். என்னைக் கேட்டால் நானும் தின்கிறேன், நடமாடுகிறேன். உட்காரத்தான் முடியவில்லை. அடுப்பில் சோறு இருக்கும்போதே எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுகிறேன். போன பிறகு எதற்கு வந்தோம் என்று தெரிவதில்லை. ஆடு மேய்க்க இருந்த ஆளை நிறுத்திவிட்டு நானே முப்பது உருப்படியையும் ஓட்டிக்கொண்டு போகிறேன். மேய்ச்சலுக்கு நடக்கிற நேரத்தில்தான் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

நீ நிலாவுக்கே பெயர் வைக்கிற ஆளாகிவிட்டாய். கோவணம் கட்டத் தெரியாமல் என் பின்னால் சுற்றியவன்! அப்பா இருந்திருந்தால் மேச்சேரிச் சந்தை முழுக்கச் சொல்லித் தீர்த்திருப்பார்.

அந்தப் பள்ளத்தை யார் வெட்டினார்கள்? அங்கே தண்ணீர் இருக்கிறதா? பெயர் வைத்தால் அங்கே யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களா? இதற்கெல்லாம் பதில் எழுது. சரியென்று சொல்வதை அப்புறம் பார்க்கலாம்.

கடிதத்தின் பின்பக்கம் நம் விலாசம் எழுதத்தான் ஆளில்லை. உன் மச்சான் பெயரும் சரி, மாமா பெயரும் சரி, நான் சொல்லவும் கூடாது, எழுதவும் கூடாது. பையன்தான் எழுதுவான். தாத்தா பெயரை எழுதும்போது மட்டும் "இது என்ர பேருதான்" என்று சொல்லிச் சொல்லி எழுதுவான். இந்தக் கடிதத்துக்கு விலாசம் தபால்காரர் வீரபாகு எழுதித் தந்தார்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெளியே திரியாதே.

அக்கா,
மயிலம்மாள்


அமெரிக்கா
20 ஜூலை 1975

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இங்கே இப்போது வெயில்காலம், நீ குளிரைப் பற்றி எழுதியதைப் படித்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தேன். பெரியவரின் முழங்காலைச் சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டச் சொல்.

நான் பள்ளத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். நிலாவில் கருப்பாகத் தெரிகிறதே, அதெல்லாம் பெரிய பெரிய சமவெளி. அப்படி ஒன்றின் ஓரத்தில் தனியாக இருக்கிறது. குறுக்கே ஒன்றரை மைல். தண்ணீர் இல்லை, காற்றும் இல்லை. அதனால் கூப்பிட்டாலும் சத்தம் கேட்காது. மேப் பார்க்கிறவர்கள் வாய்க்குள் படித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். பள்ளம் எப்படி உண்டானது என்பதைப் படத்தோடு அப்புறம் எழுதுகிறேன்.

இன்னொரு உதவி. பெயர் எந்த மொழியோ அந்த மொழியிலேயே ஒரு தாளில் எழுதி பைலில் வைக்கவேண்டும் என்கிறார் எங்கள் மேலதிகாரி. நானே எழுதலாம். ஆனால் உன் கையெழுத்தாக இருக்கட்டும் என்று ஆசை. மாமனார் பெயரை எழுத மாட்டேன் என்று நீ முகத்தைத் திருப்பிக்கொள்வது இங்கிருந்தே தெரிகிறது! பையன் பெயர் என்று நினைத்து எழுது, ஒன்றும் குடி முழுகாது. பிப்ரவரிக் கடைசி வரைக்கும் நேரம் இருக்கிறது.

எல்லோருக்கும் என் அன்பு.

மருதாசலம்


மேச்சேரி
17 ஆகஸ்ட் 1975

தம்பிக்கு அக்கா எழுதுவது.

அனைவரும் சுகம். மழை இல்லை. நிலக்கடலை விதைத்தது முளைத்துக் கருகிவிட்டது. உன் மச்சான் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்ப் புண்ணாக்கு வாங்கி வந்திருக்கிறார்.

அந்தப் பெயர் வேண்டாம். காளியப்பன் என்று போடு. சென்னிமலை என்று போடு. இந்தப் பக்கம் பெயருக்கா பஞ்சம்? உன் பெயரையே போட்டுக்கொள், யார் கேட்கப் போகிறார்கள்?

நான் எழுதித் தரமாட்டேன். மாமனார் பெயர் என்பதற்காக இல்லை. ஏன் என்று திரும்பக் கேட்டு எழுதாதே.

நேற்றுச் சாயங்காலம் ஆட்டை ஓட்டிக்கொண்டு வரும்போது கிழக்கே நிலா வெளுத்துப் போய் நின்றது. நீ சொன்ன கருப்பு இடத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தேடிக்கொண்டே நின்றதில் ஆடு பக்கத்துப் பெருமாயி காட்டுக்குள் போய் மேய்ந்து, அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மாள் பாவம், பாதியிலேயே பேச்சை நிறுத்திவிட்டு "போ சாமி, போ" என்றாள். எல்லோரும் என்னை இப்படிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். திட்டினால் தேவலை.

மயிலம்மாள்


அமெரிக்கா
7 செப்டம்பர் 1975

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கடிதம் எனக்கு வருத்தம்தான். ஏன் என்று கேட்காதே என்றாய், கேட்கவில்லை. ஆனால் நீ ஒரு தடவை படத்தைப் பார்த்துவிட்டால் மனசு மாறும் என்று நினைக்கிறேன். இதோடு வைத்திருக்கிறேன். பென்சிலால் வட்டம் போட்டதுதான் நம்முடையது.

எப்படி உண்டானது என்று கேட்டாயே. யாரும் வெட்டவில்லை அக்கா. எங்கிருந்தோ ஒரு கல் பறந்து வந்து விழுந்தது. அவ்வளவுதான். நம் கிணற்றில் பாறை உடைக்க வெடிமருந்து வைத்தால் கல் மேலே கிளம்பிப் பறக்குமே, அந்த மாதிரி, ஆனால் மேலேயிருந்து கீழே. விழுந்த வேகத்தில் கல் பொடியாகிவிட்டது. பள்ளம் மட்டும் அப்படியே நிற்கிறது. அங்கே யாரும் இல்லாததால் யாருக்கும் ஒரு சேதமும் இல்லை. விளிம்பு எவ்வளவு வட்டமாக இருக்கிறது பார்! அழகாக இல்லையா?

பதில் எழுது.

மருதாசலம்


அமெரிக்கா
16 நவம்பர் 1975

அக்கா,

பத்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? மச்சானுக்கு, பெரியவருக்கு? நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? தபால் பெட்டியைத் தினமும் இரண்டு தடவை திறந்து பார்க்கிறேன். வேலையில் கை ஓடவில்லை, நேற்று ஒரு மேப்பில் மலை இருக்கவேண்டிய இடத்தில் பள்ளம் வரைந்து வைத்து மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கினேன்.

பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். சுகமாக இருக்கிறோம் என்று மட்டுமாவது எழுது.

தம்பி,
மருதாசலம்


மேச்சேரி
14 டிசம்பர் 1975

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நாங்கள் இருக்கிறோம். மாமாவுக்கு முழங்கால் தேவலை.

படத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன், எடுத்து மாட்டுக் கொட்டகைக் கூரையில் செருகினேன், பிறகு அங்கிருந்தும் எடுத்துவிட்டேன். உன் மேல் கோபம் இல்லை. உனக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லை.

அவன் கிணற்றில் விழவில்லை, தம்பி. தந்தியில் கிணற்று வேலையில் விபத்து என்று போட்டிருந்தார்கள். விழுந்துவிட்டான் என்று நீயாக நினைத்துக்கொண்டாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். அவன் மேல் கல் விழுந்தது.

அன்றைக்குப் பரீட்சை முடிந்து மத்தியானமே வந்துவிட்டான். பெருமாயி பிள்ளைகள் நான்கு பேரோடு காட்டில் உட்கார்ந்து, பறித்த காட்டில் மிச்சம் கிடந்த கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். கிணற்றில் மருந்து வைத்துத் திரியைப் பற்றவைத்துவிட்டுச் சின்னான் மேலே ஏறி வந்து, "வேட்டு போடறோம், எல்லாரும் ஊட்டுக்குள்ள போங்க" என்று சத்தம் போட்டான். பெருமாயி தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான்கும் எழுந்து ஓடி வந்தன. நான் வாசலில் நின்று "கண்ணு, ஓடியா, கண்ணு" என்று கத்தினேன். ஊரில் எந்தப் பிள்ளைதான் கண்ணு இல்லை? அவன் அந்தப் பக்கம் திரும்பிக் குந்தியிருந்தான். பெருமாயிதான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பான்.

பெயரைச் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பான். பெயர் வாய்க்கு வந்துவிட்டது. மாமா பக்கத்தில் நின்றிருந்தார். அவர் கிணற்றையே பார்த்துக்கொண்டு நின்றார், என்னை ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் முழுங்கினேன். ஒன்பது வருடத்தில் பெற்ற பிள்ளையை ஒருமுறைகூடப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவளுக்கு அன்றைக்கு மட்டும் எப்படி வரும்? முழுங்கிவிட்டு ஓடினேன். பாதி தூரம் போவதற்குள் வெடித்துவிட்டது.

இதை உன் மச்சானிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நீ பெயரை எழுது எழுது என்கிறாய். அன்றைக்குச் சொல்லாத பெயரை இன்றைக்கு ஒரு தாளில் எழுதி நிலாவுக்கு அனுப்பி என்ன புண்ணியம்? எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தை பிறந்ததும் மறுபடி கிணற்றில் மருந்து வைக்கப் போகிறார்களாம். பாறைக்குக் கீழே ஊற்று இருக்கிறதாம். அதைக் கேட்டதிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதிவிட்டேன்.

நீ சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


அமெரிக்கா
4 ஜனவரி 1976

அக்கா,

என்ன எழுதுவது? எட்டு நாளாகத் தாளை எடுப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். கல் விழுந்தது, அழகாக இல்லையா என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

நீ தப்புச் செய்யவில்லை. மாமனார் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லிச் சொல்லி உன்னை வளர்த்தார்கள். திரி எரிகிற நேரத்தில் அது போய்விடுமா? பெரியவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார், உன்னை ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. பையனுக்கு அவர் பெயரை வைத்தது அன்பினால்தானே.

பட்டியலில் எழுதியிருந்த மாதையன் என்ற பெயரை நேற்று அடித்துவிட்டேன். இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

சித்திரையில் வருகிறேன். லீவுக்கு இந்த முறை கேட்டேன், கிடைத்தது.

மருதாசலம்


மேச்சேரி
22 ஜனவரி 1976

தம்பி மருதாசலத்துக்கு மாதையன் எழுதியது.

இங்கே யாவரும் க்ஷேமம். எழுதும் பழக்கம் விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் அனுப்பிய கடிதம் என் பெயருக்கு விலாசமிட்டு வந்தபடியால் நான் பிரித்துவிட்டேன். மருமகளுக்கு என்று தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. கடைசி வரை படித்தேன். அதுவும் என் தப்புத்தான்.

அதில், நான் கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றதாக மயிலு எழுதியிருப்பதாகக் கண்டேன். அது நிஜமில்லை. மயிலு "மா" என்று பெயரை ஆரம்பித்தது. நான் திரும்பி அதன் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தேன். சின்னானும் இன்னும் நான்கு ஆளும் நிற்கிற இடத்தில் மருமகள் என் பெயரைச் சொல்லிக் கூவுவதா என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். அது வாயை மூடிக்கொண்டது. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அதுவும் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பத்து மாதமாக எனக்குச் சோறு போட்டு, முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுக்கிறது.

நானாவது கூப்பிட்டிருக்கலாம். எனக்கு என்ன தடை? என் பெயரை நானே கத்துவதா என்று எனக்கும் கூச்சம். எழுபது வயதில் எனக்கு இருந்த கௌரவம் இவ்வளவுதான்.

நேற்று மருமகளைக் கூப்பிட்டு, "பார்த்தது நாந்தான் சாமி, நீயா முழுங்கல" என்று சொன்னேன். "பையன் பேரச் சொல்லு" என்றும் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. இன்றும் கேட்டேன். சொல்லவில்லை. நாளைக்கும் கேட்பேன்.

நீங்கள் அடித்த பெயரை மறுபடி எழுத முடியுமானால் எழுதவும். அது என் பெயர் அல்ல. எனக்கு எதுவும் வேண்டாம்.

மாதையன்


மேச்சேரி
1 பிப்ரவரி 1976

தம்பிக்கு,

மாமா உனக்கு எழுதியதை என்னிடம் சொல்லிவிட்டார். அவர் பார்த்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். அவருக்கு மட்டும் பேரன் இல்லையா? ஒரு வீட்டில் ஒருவர் அழுகிறது போதும் என்று இருந்தேன்.

நேற்று கிணற்றில் மருந்து வைத்தார்கள். காலையிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். பெருமாயி பிள்ளைகளை முன்னாடியே கொண்டுவந்து நம் வீட்டுக்குள் உட்காரவைத்து, எண்ணிப் பார்த்தேன். நான்கும் இருந்தன. காட்டில் ஒரு குஞ்சும் இல்லை. சின்னான் திரியைப் பற்றவைத்துவிட்டுச் சத்தம் போட்டான். மாமா என் பக்கத்தில் வந்து நின்றார். "இப்பக் கூப்புடு" என்றார். "ஆருமே இல்லீங்களே மாமா" என்றேன். "இல்லாட்டி என்ன, கூப்புடு" என்றார்.

கூப்பிட்டேன், தம்பி. மாதையா, ஓடியா என்று கூப்பிட்டேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. "இன்னுஞ் சத்தமா, சாமி" என்றார். மறுபடி கூப்பிட்டேன். உன் மச்சான் கிணற்று மேட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார். வேலைக்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். மாமா யாரையும் பார்க்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டு அழுதார். வெடிக்கிற வரைக்கும் நான் நிறுத்தாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

உன் தேதி முடிந்துபோயிருந்தால் பரவாயில்லை. முடியாவிட்டால் இதைக் கொடு. நீ கேட்டபடி தமிழில், என் கையால் எழுதியிருக்கிறேன்:

மாதையன்

எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால் நான்கே எழுத்து. கூப்பிடுவதற்கு இவ்வளவு சுலபமான பெயர் என்று எனக்குத் தெரியாது, தம்பி.

அக்கா,
மயிலம்மாள்